கல் தேடிச் சென்ற கலாயோகி: ஆனந்த குமாரசுவாமி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நாம் பாடசாலை நாட்களில் சிவநடனத்துக்கு விளக்கம் எழுதியவராகவே அறிந்தோம். இரசாயனவியல் வகுப்பில் தோரியம் பற்றிப் படித்தபோதும் அவர் நினைவுக்கு வரவில்லை. அவர் அரசாங்கப் புவிச்சரிதவியலாளராக எமது மண்ணில் நடந்து திரிந்த கதையைப் பின்னாளிலேயே அறிந்தோம்.

1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தை சட்டசபை உறுப்பினர் சேர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத், ஆங்கிலேயப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் தந்தையின் சகோதரி மக்கள். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்த பிள்ளையை இங்கிலாந்தில் தாயே வளர்த்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளரானார். காரீயமும் இரத்தினக்கற்களும் விளையும் நாட்டில் எங்கே எது கிடக்கிறது என முறையாக ஆராய்வதே பணி. 1904இல் சபரகமுவவின் இரத்தினக்கற் சரளையிலிருந்து கிடைத்த, பாரமான, கனசதுர வடிவான கரிய பளிங்குகளை அவர் ஆராய்ந்தார். முதலில் அவற்றை யுரேனியக் கனிமமென்றே கருதினார். இலண்டனில் நடந்த இரசாயனப் பகுப்பு அது தோரியம் மிகுந்த புதுக் கனிமம் எனக் காட்டிற்று. தோரியனைற்று எனப் பெயரிடப்பட்டது. அந்நாளில் வாயு விளக்கின் மென்வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. பின்னர் 1930களில் தோரியத் திரவமொன்றைக் கதிர்ப்படம் எடுப்பதற்காக நோயாளரின் உடலிற் செலுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களிற் பலருக்கு ஈரற் புற்றுநோய் கண்டது. மருத்துவம் படித்த எமக்கு மறக்கலாகாத பாடம் அது.

கல் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவரின் கண்ணில், தொழில் நலிந்த கைவினைஞர்கள் பட்டார்கள். அவர்களின் வேலைகளை அவர் குறித்துக்கொள்ள, மனைவி எதெல் நிழற்படம் பிடித்தார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்ற நூலுக்கு அப்படங்கள் உயிர். எதெல் பின்னாளில் இங்கிலாந்தில் பேர்பெற்ற நெசவுக் கலைஞரானார். பெண்கள் கல்லூரியின் மலரிலாவது அவர் பெயரும் சேர்ந்து நிற்கட்டும்.

1906இல் அரசாங்கப் பதவிக்காலம் முடிந்தது. 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பேணி, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலேயே காலமானார்.

பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்தும் முன்னோர் கலைகளிலிருந்தும் பிரிக்கும் கல்வியை அவர் கடுமையாகக் கண்டித்தார். அவரே ஆங்கிலத்தில் வளர்ந்தவர் என்பதால் அந்த இழப்பை அறிந்திருப்பார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற நாமும், வைத்தியசாலை விடுதியில் ஓர் அம்மாவுக்கு அவரது நோயைத் தமிழில் விளக்கச் சொல் தேடித் தடுமாறும் வேளைகளில் அதை உணர்கிறோம். அப்போதெல்லாம் கைகொடுப்பது எமது ஆசிரியைகள் வகுப்பறையில் தந்த தமிழ்தான். உலகெங்கும் பரந்திருக்கும் சகோதரிகளே, எம் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டோமா?