வெடியைக் கணக்குப் போட்டவர்

வெடிமருந்து ஏற்றிய லாரி ஒரு கட்டடத்தின் வாசலில் வெடித்தால் எந்தத் தூண் முதலில் போகும்? ஒரு செங்கல்லைக்கூட உடைக்காமல் இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஜான் வான் நியூமன்.

1903-ல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பிறந்தவர். பையன் கணக்கில் புலி. ஆனால் கணக்கு சோறு போடாது என்று அப்பாவுக்குப் பயம் (நம்ம வீட்டுல கேக்காத பேச்சா!). அதனால் சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து 1926-ல் டிப்ளமோ வாங்கினார். ஆமாம், அவரும் டிப்ளமோதான்! அதே வருஷம் புடாபெஸ்டில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார் என்பது வேற கதை.

1930-ல் அமெரிக்கா போனார். போர்க்காலத்தில் அவருக்கு வந்த வேலை வெடிப்பு அலை. பெரிய குண்டு தரையில் வெடிப்பதைவிட உயரத்தில் வெடித்தால் சேதம் அதிகம், தரையில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு சேர்ந்துகொள்ளும் என்று கணக்கில் காட்டினார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுகள் ஆகாயத்திலேயே வெடித்தன. எந்த ஊரில் போடுவது என்று ஆலோசித்த குழுவிலும் அவர் இருந்தார். இதைப் படிக்கும்போது மனசு கசக்கத்தான் செய்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் கையால் முடியாது என்றுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அங்கேயும் ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். வெடிப்பு அலையின் முகப்போ தாளைவிட மெல்லிசு. அழுத்தம் ஒரே தாவலாக ஏறும். அந்த இடத்தில் விடை கன்னாபின்னாவென்று ஆடும். 1950-ல் ரிச்ட்மையரோடு சேர்ந்து ஒரு தந்திரம் செய்தார். காற்றுக்குப் பொய்யாக ஒரு பிசுபிசுப்பைச் சேர்த்தார். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வரும் விஸ்காசிட்டியேதான்! தாவல் சில கட்டங்களுக்குச் சரிவாகப் பரவியது. மற்ற இடங்களில் விடை சரியாக வந்தது.

1957 பிப்ரவரி 8-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 53.

1995 ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகத்தின் முன்னால் லாரி குண்டு வெடித்து 168 பேர் மாண்டனர். முன்பக்கத் தூண்கள் போனதும், அவை தாங்கிய பெரிய உத்தரம் விழுந்து மேல்மாடிகள் சரிந்தன. வெடியைவிட இடிபாடே அதிகம் பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு முக்கியக் கட்டடங்களுக்கு, லாரியை எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், ஒரு தூணை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்குமா என்றெல்லாம் கம்ப்யூட்டரில் சோதிப்பது அதிகமானது. இந்தச் சோதனைக்குப் பயன்படும் பல புரோகிராம்களில் அந்தப் பொய்ப் பிசுபிசுப்பு இன்றும் இருக்கிறது.