காலத்தின் சாட்சி: ஜேம்ஸ் பால்ட்வினின் வாழ்வும் கட்டுரைகளும்

முன்னுரை

ஒரு காலத்தின் கொந்தளிப்பை எழுத்தில் பதிவோருள் ஒரு சாரார் நிகழ்வுக்கு வெளியே நின்று விவரிப்பர். மற்றொரு சாரார் அந்நிகழ்வில் தமக்குள்ள பங்கையும் விசாரணைக்கு உட்படுத்துவர். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் (1924–1987) இரண்டாம் வகையினர். புதினம், நாடகம், சிறுகதை எனப் பல வடிவங்களைக் கையாண்டபோதும், 1950களிலும் 1960களிலும் அமெரிக்கச் சமூகம் கண்ட மாற்றங்களை அவருடைய கட்டுரைகளே மிக நெருங்கிக் காட்டுகின்றன. பிறருடைய வெறுப்பை ஆராய்வதற்கு முன்னர்த் தம் வெறுப்பை ஆராய்ந்தமையே அக்கட்டுரைகளின் அறவலிமைக்கு அடிப்படை என்பதை அவருடைய வாழ்க்கைவழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வெறுப்பை அறிதல்

நியூயார்க் நகரின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியில் 1924 ஆகஸ்ட் 2ஆம் நாள் பால்ட்வின் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். அவரை வளர்த்த மாற்றாந்தந்தை டேவிட் பால்ட்வின் ஒரு கிறித்தவப் போதகர். வறுமையாலும் வெள்ளையர் மீதான அவநம்பிக்கையாலும் இறுகிப்போனவர். பால்ட்வினும் பதினான்காம் வயதில் பெந்தெகோஸ்தே சபையில் போதகராகி, பதினேழாம் வயதில் அப்பணியைத் துறந்தார். சபையை விட்டு அவர் விலகினாலும், பிரசங்க மேடையின் நீண்ட வாக்கியமும் ஏறி இறங்கும் ஓசையும் அவருடைய உரைநடையில் இறுதிவரை நிலைத்தன.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அவர் வேலை செய்தார். அங்கு ஓர் உணவகத்தில் கறுப்பர் என்பதால் அவருக்கு உணவு மறுக்கப்பட்டது. சினம் மீறிய நிலையில், பணிப்பெண்ணை நோக்கித் தண்ணீர்க் குவளையை வீசினார். குவளை குறி தவறிப் பின்னிருந்த கண்ணாடியை உடைத்தது. அவர் தப்பி ஓடினார். அன்று தாம் கொல்லப்பட்டிருக்கலாம் என்பதுடன், தாம் கொலை செய்யவும் ஆயத்தமாக இருந்ததை அவர் உணர்ந்தார். தம் உயிருக்கான ஆபத்து தம் நெஞ்சிலுள்ள வெறுப்பிலும் இருப்பதை அந்த இரவு அவருக்குக் காட்டியது.

1943 ஜூலை இறுதியில் தந்தை இறந்தார். அதே நாளில் கடைசித் தங்கை பிறந்தாள். தந்தையின் இறுதிச் சடங்கும் பால்ட்வினின் பத்தொன்பதாம் பிறந்த நாளும் ஒன்றாக வந்தன. அதே வேளையில் ஹார்லத்தில் பெருங்கலவரம் மூண்டது. கடைகளின் உடைந்த கண்ணாடிகள் சிதறிக் கிடந்த தெருக்களின் வழியே தந்தையின் உடல் இடுகாடு சென்றது. இந்நிகழ்வுகளை மையமாகக் கொண்ட கட்டுரை, 1955இல் வெளிவந்த ‘நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்’ என்னும் தொகுப்பின் தலைப்புக் கட்டுரையாயிற்று. குடும்பத்தின் துக்கமும் ஊரின் சீற்றமும் அதில் ஒன்றையொன்று விளக்குகின்றன. தந்தையை அழித்த கசப்பு மகனிடமும் வந்து சேர்ந்திருப்பதை அது மறைக்கவில்லை.

விலகலும் திரும்பலும்

1948 நவம்பரில் நாற்பது டாலருடன் பால்ட்வின் பாரிஸ் சென்றார். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையொன்றில், எதிர்ப்பு இலக்கியம் மனிதரை வெறும் வகைமாதிரிகளாகச் சுருக்கிவிடுகிறது என்று வாதிட்டார். அக்கட்டுரை, அவருக்கு முன்பு உதவிய மூத்த எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் புதினத்தையும் விமர்சித்தது. இருவரிடையே மனக்கசப்பு உண்டாயிற்று. இலக்கியம் பற்றிய அக்கருத்துக்குப் பிற்காலத்தில் அவருடைய எழுத்தே உரைகல்லாயிற்று.

1957இல் தாயகம் திரும்பிய அவர், இனப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய தென் மாநிலங்களுக்கு முதன்முறையாகச் சென்றார். வட கரோலினாவின் சார்லட் நகரில், வெள்ளையர் பள்ளியில் தனியொருவனாகப் பயின்ற கறுப்பின மாணவனையும் அவன் தாயையும் சந்தித்தார். பின்னர் அப்பள்ளியின் வெள்ளையினத் தலைமையாசிரியரையும் சந்தித்தார். சிறுவனின் மௌனத்தைக் கவனித்த அதே கண்ணோடு, நேர்மைக்கும் மரபுக்கும் இடையே தவித்த அத்தலைமையாசிரியரின் வேதனையையும் அவர் பதிவு செய்தார். எதிர்த்தரப்பினரையும் மனிதராகக் காணும் இப்பார்வை, உணவக இரவில் கற்ற பாடத்தின் தொடர்ச்சியாகும்.

புகழும் பொறுப்பும்

1963இல் ‘தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்’ வெளிவந்தது. அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனத்தின் நூற்றாண்டையொட்டித் தம் சகோதரரின் மகனுக்கு எழுதிய கடிதமும், 1962 நவம்பரில் ‘நியூயார்க்கர்’ இதழில் வெளியான நெடுங்கட்டுரையும் அதில் அடங்கும். சிகாகோவில் எலைஜா முகமதுவைச் சந்தித்ததை விவரிக்குமிடத்து, கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் சினத்துக்கு நியாயமுண்டு என ஏற்று, அதன் இனவெறுப்பை மட்டும் பால்ட்வின் மறுத்தார். 1963 மே மாதம் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் உருவம் இடம்பெற்றது. அதே மாதம் அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியைக் கறுப்பினக் கலைஞர்களுடனும் போராளிகளுடனும் சந்தித்தார். அச்சந்திப்பு கசப்பில் முடிந்தது. அமெரிக்க உளவு அமைப்பான எஃப்.பி.ஐ. அவரைக் குறித்துத் தொகுத்த கோப்பு 1,884 பக்கங்களாக வளர்ந்தது.

இழப்பும் எதிர்ப்பண்பாடும்

1963இல் மெட்கர் எவர்ஸ், 1965இல் மால்கம் எக்ஸ், 1968இல் மார்ட்டின் லூதர் கிங் ஆகியோர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். மூவரும் பால்ட்வினுக்கு அறிமுகமானவர்கள். 1972இல் வெளியான ‘நோ நேம் இன் தி ஸ்ட்ரீட்’ நூலின் சிதறிய காலவரிசை இவ்விழப்புகளின் வடிவமேயாகும். கிங்குடன் ஒரு மேடையில் தோன்றுவதற்காக வாங்கிய கறுப்பு உடையை, சில வாரங்களில் கிங்கின் இறுதிச் சடங்குக்கே அவர் அணிய நேர்ந்தது. இனி அவ்வுடையை அணிய இயலாது என்று அவர் கூறியதைச் செய்தித்தாளில் கண்ட இளமைக்கால நண்பர் அதனைக் கேட்டார். உடையைக் கொடுக்கச் சென்ற இடத்தில், புகழ் தம்மை அந்நண்பரிடமிருந்து எவ்வளவு தூரம் பிரித்துவிட்டது என்பதைப் பால்ட்வின் கண்டார். ஒரு தேசத்தின் துயரத்தை எழுதும்போதும் தம்மைக் குற்றக்கூண்டில் நிறுத்துவதை அவர் கைவிடவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் தாம் கண்ட ஹிப்பி இளைஞர்களையும் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினரையும் அந்நூலில் அவர் அருகருகே வைத்தார். வெள்ளையின இளைஞர்கள் தம் பெற்றோரின் வாழ்வுமுறையைத் துறந்ததன் நேர்மையை உணர்ந்த அவர், கறுப்பின மக்கள் அவர்களை ஐயத்துடன் நோக்கியதையும் குறித்தார். துறந்த வீட்டுக்குத் திரும்பும் வழி ஹிப்பிகளுக்கு இருந்தது. கருஞ்சிறுத்தைகளுக்கு முன்னால் காவல்துறையே இருந்தது. கருஞ்சிறுத்தைகளுள் ஒருவரான எல்ட்ரிஜ் கிளீவர் 1968இல் பால்ட்வினின் தற்பால் விழைவைக் குறிவைத்து அவரை இழிவுபடுத்தி எழுதியிருந்தார். அதனால் காயமுற்றும், அவ்வியக்கத்தின் நியாயத்தைப் பால்ட்வின் மறுக்கவில்லை.

பிற்காலக் கட்டுரைகளில் சினம் கலையை விழுங்கிவிட்டது என விமர்சகர் பலர் கருதினர். எதிர்ப்பு இலக்கியத்தின் குறையை இளமையில் சுட்டியவர் மீதே அக்குறை திரும்பியது. ஆயினும், உடையின் கதை காட்டுவதுபோல, அவருடைய சினம் தன்னாய்வைத் துறக்கவில்லை. மனிதரை வகைமாதிரியாகவும் சுருக்கவில்லை.

முடிவுரை

1970 முதல் தெற்குப் பிரான்சின் சென் போல் தெ வான்ஸ் என்னும் ஊரில் வாழ்ந்த பால்ட்வின், 1987 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் அங்கேயே காலமானார். நியூயார்க்கின் பேராலயத்தில் நடந்த இறுதி நிகழ்வில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ, அமிரி பராக்கா ஆகியோர் உரையாற்றினர். தம்மைச் சாட்சி என்றே அவர் கருதினார். சாட்சி சொல்பவர் குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டியவர். அவ்விசாரணையைத் தமக்குத் தாமே நடத்தியவர் பால்ட்வின். அதனால்தான் அவருடைய கட்டுரைகள் காலத்தின் ஆவணமாகவும் அக்காலத்தில் வாழ்ந்த ஒரு மனத்தின் வரலாறாகவும் ஒருங்கே நிற்கின்றன. தமிழில் தன்வரலாற்றுத் தன்மை வாய்ந்த கட்டுரைகளை ஆராய்வோர்க்கு, அனுபவத்தைக் கூறுவதோடு அனுபவித்தவரையும் வினவும் இம்முறை பயனுள்ள அளவுகோலாக அமையும்.