மருந்துத் தொழிலுக்குச் சங்கம் கண்டவர்

நம் காசிப் பல்கலைக் கழகத்துப் பெருமக்களைச் சொல் என்றால் மாளவியாஜியைச் சொல்வோம், ராதாகிருஷ்ணனைச் சொல்வோம். பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் என்ற பெயரைப் பார்மஸி மாணவர்களைத் தவிர மற்றவர்கள் கேட்டிருப்பது அரிது. எங்களுக்கு அவர் இந்தியப் பார்மஸிக் கல்வியின் தந்தை. அவர் பிறந்த மார்ச் 6ஆம் நாளன்று படத்துக்கு மாலையிட்டு, சொற்பொழிவு கேட்டு, தேநீர் அருந்திக் கலைகிறோம். ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர் வகுப்பு நடத்தியதை விட, சங்கம் நடத்தியதுதான்.

ஷ்ராஃப் 1902ஆம் ஆண்டு பீகாரிலுள்ள தர்பங்காவில் பிறந்தார். பொறியியல் படிக்கவே காசிக்கு வந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாட்டை உலுக்கிய காலம் அது. அந்த அலையில் அவர் படிப்பும் அறுந்தது. பிறகு கடல் கடந்து அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக் கழகத்திலும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று திரும்பினார்.

அவர் திரும்பி வந்த நாட்டில் மருந்தின் நிலை என்ன? மலேரியாக் காய்ச்சலுக்கு விற்ற கொயினாவில் கூடப் போலிச் சரக்குக் கலந்திருந்தது. யார் வேண்டுமானாலும் மருந்து கலக்கலாம், விற்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை. நம் ஊர்ப் பக்கத்துக் கம்பவுண்டரைப் பெரியவர்கள் இன்றும் நினைவு கூர்வார்கள். சீசாவின் பக்கத்தில் வேளைக்கு ஒரு கோடாக வெட்டிய காகிதத்தை ஒட்டி, செந்நிற மிக்ஸரை ஊற்றித் தருவாரே, அவர்தான். கைராசிக்காரர்கள் பலர் உண்டு; முறையாகப் படித்தவர்கள் சிலரே. இந்த அவல நிலையை ஆராய அரசாங்கம் 1930இல் கர்னல் சோப்ராவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. கல்வியும் வேண்டும், சட்டமும் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருந்தது.

துணைவேந்தராக இருந்த மாளவியாஜியின் ஆதரவோடு, 1932இல் ஷ்ராஃப் இங்கே பார்மஸிப் படிப்பைத் தொடங்கினார். முதலில் அது பி.எஸ்ஸி. வகுப்பில் ஒரு பாடமாகத்தான் நுழைந்தது. 1937இல் மூன்றாண்டு பி.பார்ம். பட்டமாக வளர்ந்தது.

இங்கேதான் நண்பர்கள் கவனிக்க வேண்டும். பட்டம் தருவது எளிது. அந்தப் பட்டத்துக்கு நாட்டில் ஓர் இடம் வேண்டாமா? பட்டதாரியும் மருந்து கலக்கலாம், பட்டமில்லாதவனும் கலக்கலாம் என்றால் மூன்றாண்டு படித்தவனுக்கு என்ன மதிப்பு? வகுப்பறையில் இதற்கு விடையில்லை என்பதை ஷ்ராஃப் உணர்ந்தார். 1935இல் ஐக்கிய மாகாணத்தில் மருந்துத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கத்தை நிறுவினார். 1939இல் அதுவே இந்தியப் பார்மஸிச் சங்கமாக விரிந்தது. அதே ஆண்டில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பார்மஸி' என்ற இதழையும் தொடங்கித் தாமே ஆசிரியரானார். பெயர் சற்று மாறி அந்த இதழ் இன்றும் வெளிவருகிறது.

சங்கம் நடத்துவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் நம் தமிழ்ச் சங்கத்தின் செயலாளரைக் கேட்டுப் பார்க்கட்டும்! சந்தா வசூல், முகவரிப் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அச்சுக் கூடத்தோடு போராட்டம், கணக்குத் தணிக்கை. ஒரு தொழிலின் சங்கத்துக்கு இவற்றோடு அரசாங்கத்திடம் மனுக் கொடுப்பதும், சட்ட வரைவைப் படித்துக் கருத்து எழுதுவதும் சேர்ந்து கொள்ளும். பாடம் சொல்லும் பேராசிரியர் இதையும் தோளில் ஏற்றிக் கொண்டார்.

1940இல் மருந்துச் சட்டம் வந்தது. 1948இல் பார்மஸிச் சட்டம் வந்தது; பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்கலாம் என்ற விதி அதில்தான் பிறந்தது. எல்லாம் ஷ்ராஃப் ஒருவரால் வந்தவை என்றால் அது முகஸ்துதி. சோப்ரா குழுவின் அறிக்கை இல்லாமல் ஒன்றும் நடந்திராது. ஆயினும் சட்டம் வந்தபோது, படித்த ஒரு கூட்டமும், அதற்கென்று ஒரு சங்கமும், ஓர் இதழும் தயாராக இருந்தனவே, அது சின்னக் காரியமா?

1943இல் அவர் காசியை விட்டார். பின்னர் பிலானியிலும் பார்மஸிக் கல்வியை வேரூன்றச் செய்தார். 1971இல் காலமானார்.

இவர் வரலாற்றைப் படித்தபின் எனக்கு ஒரு குறை உறுத்துகிறது. பார்மஸி டிப்ளமோ பயிலும் மாணவன் மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலுமாக 500 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களில் பலர் விடுமுறையில் தொழிற்சாலைகளுக்குப் போகிறோம். சங்க அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அமெரிக்காவில் 1852இல் தோன்றிய மருந்தாளுநர் சங்கம், பார்மஸி மாணவர்களைச் சில வாரம் தன் அலுவலகத்திலேயே அமர்த்திச் சங்க நிர்வாகத்தைக் கற்றுத் தருகிறது. அது அவர்கள் படிப்பின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலக் கவுன்சிலுக்கு ஆறு பேரைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நாளை அந்த வாக்குச் சீட்டு நம் கைக்கு வரும். தேர்தலில் நிற்பவரும் நம்மில் ஒருவராக இருக்கலாம். மாத்திரை கரையும் நேரத்தை அளக்கத் தெரிந்த நமக்கு ஒரு தீர்மானம் எழுதத் தெரிய வேண்டாமா?

இந்தியப் பார்மஸிச் சங்கத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் காலினாவில் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களையாவது ஒரு மாதம் அங்கே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இதழ் வேலையா, உறுப்பினர் பதிவேடா, எது கொடுத்தாலும் செய்யலாம். ஒப்பமிட விரும்பும் பார்மஸி நண்பர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்க்கவும்.