மல்லரை வளர்த்த மகான் ஸ்ரீ சமர்த்த ராமதாஸர்

உடலை வாட்டுவதே பக்திக்கு இலக்கணம் என்று எண்ணுவோர் பலர். உடலை உரமாக்கி, அவ்வுரத்தை இறைவன் திருவடியில் வைப்பதும் உயர்ந்த பக்தியே என்று வாழ்ந்து காட்டிய மகான், மராட்டிய நாட்டில் தோன்றிய ஸ்ரீ சமர்த்த ராமதாஸ சுவாமிகள்.

இவர் கோதாவரி தீரத்தைச் சார்ந்த ஜாம்ப் என்னும் கிராமத்தில், 1608ஆம் ஆண்டு ஸ்ரீராம நவமி நன்னாளில் அவதரித்தார். தந்தையார் சூர்யாஜி பந்த், தாயார் ராணுபாய். பெற்றோர் இட்ட பெயர் நாராயணன். பன்னிரண்டாம் வயதில் இவருக்குத் திருமணம் நிச்சயித்தனர். மணவறையில் அந்தணர் ஓதிய மங்கள வாழ்த்தில், விழிப்புடன் இருக்குமாறு பணிக்கும் சொல் செவியில் விழுந்ததும், பாலகர் எழுந்து அகன்றார் என்பது வரலாறு.

நாசிக் நகரை அடுத்த டாக்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் தவம் இயற்றினார். விடியற்காலையில் சூரிய நமஸ்காரம். பின்னர் நண்பகல் வரை ஆற்று நீரில் நின்று பதின்மூன்று எழுத்து ராம மந்திர ஜபம். நாள்தோறும் ஆயிரத்து இருநூறு நமஸ்காரங்கள் செய்தார் என்று அடியார்கள் போற்றுவர். தவத்திலேயே தேகப் பயிற்சியும் அடங்கியிருந்தது.

அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் பாரத நாடெங்கும் தல யாத்திரை செய்தார். 1630 முதல் 1632 வரை தக்காணத்தை வாட்டிய கொடும்பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. பசியாலும் ஓயாத போர்களாலும் மக்கள் மெலிந்திருந்தனர். உடல் தளர்ந்தவனுக்கு உள்ளமும் தளரும். உள்ளம் தளர்ந்தவன் தெய்வத்தையும் மறப்பான். இந்நிலைக்கு மருந்தாக அவர் தேர்ந்த தெய்வம் ஆஞ்சநேயர்.

1645ஆம் ஆண்டளவில் தொடங்கி, கிருஷ்ணா நதிப் பகுதியில் ஷஹாபூர், மசூர், உம்ப்ரஜ் முதலிய ஊர்களில் பதினொரு மாருதி திருவுருவங்களை நிறுவினார். சாபளில் ஸ்ரீராமர் ஆலயம் கண்டார். அங்கே ராமர் சந்நிதிக்கு எதிரே கைகூப்பி நிற்பவர் தாச மாருதி. ஆலயத்தின் பின்னே வீறுகொண்டு நிற்பவர் பிரதாப மாருதி. ஒரே தெய்வத்துக்கு இரு கோலம். பகைக்கு முன் நிமிரும் வலிமை, ஆண்டவன் முன் குனியவும் வேண்டும் என்பதே அவ்விரு திருவுருவங்களும் உணர்த்தும் பொருள்.

மாருதி எழுந்தருளிய இடந்தோறும் இளைஞர் கூடி மல்வித்தை பயிலச் செய்தார் என்பது மராட்டிய மரபு. அந்நாட்டுக் கோதாவில் சலித்த செம்மண்ணுடன் எண்ணெய், மோர், மஞ்சள் முதலியன கலந்து பதப்படுத்துவர்; விழுபவனுக்கு அடிபடாதிருக்கவே இந்த ஏற்பாடு. லங்கோடு கட்டிய மல்லன் மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டு, மாருதியை வணங்கிய பின்னரே இறங்குவான். தண்டாலும் பஸ்கியும் அவனுக்கு நித்திய நியமம். குத்துதலும் உதைத்தலும் இப்போரில் இல்லை. பிடியாலும் யுக்தியாலும் எதிரியை மல்லாத்தி, அவன் முதுகை மண்ணில் படியவைப்பதே வெற்றி. பிரம்மசரியம், மிதமான உணவு, குருவுக்குப் பணிதல் ஆகியவை இல்லாதவனுக்கு இக்கலை கைகூடாது. ஆகவே கோதாவும் ஒரு சந்நிதியே ஆயிற்று.

சத்ரபதி சிவாஜி மகாராஜா சுவாமிகளைக் குருவாகப் போற்றினார் என்பது மரபு. சுவாமிகள் தம் இறுதி ஆண்டுகளை சஜ்ஜன்கட் மலைக்கோட்டையில் கழித்தார். அங்கு வழிபடப்பெறும் ராமர், சீதை, இலக்குவர் திருவுருவங்கள் நம் தஞ்சையில் வடிக்கப்பெற்றுச் சென்றவை என்பது தமிழ்நாட்டுக்கு வாய்த்த பெருமை. அவற்றைக் கண்குளிரக் கண்ட சில நாட்களில், 1682ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாக மாதத்துத் தேய்பிறை நவமியன்று அவர் இறைவனடி சேர்ந்தார். தாசபோதம் என்னும் பெருநூலும், மாருதி தோத்திரமும் அவர் விட்டுச் சென்ற செல்வங்கள்.

அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. மசூரும் உம்ப்ரஜும் அமைந்த அதே கராட் வட்டாரத்தில் பிறந்த மல்லர் காஷாபா ஜாதவ், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்று, சுதந்திர பாரதத்துக்கு முதல் தனிநபர் பதக்கத்தைத் தேடித் தந்தார்.

கோயில் எழுப்புவோர் கல்லை மட்டும் அடுக்குவதில்லை. அதன் நிழலில் வளரும் தலைமுறையையும் உருவாக்குகின்றனர். இதுவே சமர்த்தரின் திருவாழ்வு திருப்பணிச் செல்வர்களுக்குக் கூறும் செய்தி. வலிமையும் பணிவும் ஒருங்கே பெற்ற மக்கள் இம்மண்ணில் பல்க, மாருதியின் திருவருள் துணை நிற்பதாக!