பிரித்துப் பார்த்துப் படித்தவர்: ஜி.டி. நாயுடு



நம்ம பட்டுக்கோட்டைப் பக்கம் வயல்களில் ஓடும் பம்புசெட் மோட்டார்களைப் பாருங்கள். பலவற்றில் கோயம்புத்தூர் என்று ஊர்ப்பெயர் இருக்கும். அந்த ஊரைத் தொழில் நகரமாக்கியவர்களில் ஒருவர் ஜி.டி. நாயுடு. டிப்ளமோ படிக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்.

1893 மார்ச் 23-ல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வண்டி வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? நட்டு நட்டாகக் கழற்றி, திரும்பவும் பூட்டினார். அதுதான் அவர் படித்த ஆட்டோமொபைல் கோர்ஸ்!

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் இறங்கினார். டிரைவரும் அவரே. அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. டிக்கெட் கொடுக்கும் மெஷினும், எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவியும் செய்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்.

எஞ்சினின் நிலையை அறிந்து சொல்வதுதான் இன்றைய கார் சென்சரின் வேலையும். எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் அதைப் பற்றியதே. சாவியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு நிமிஷம் ஓடி நிற்க வேண்டும். அதற்கு டைமர் ரிலே. காரின் வெப்ப சென்சர் ஒயரிலேயே ரிலே காயிலைச் சேர்த்தால் வோல்டேஜ் மாறி, கார் கம்ப்யூட்டர் சூட்டைத் தப்பாகக் கணக்குப் போடும். அதனால் தனி தெர்மோ சுவிட்ச் வைத்து டைமருக்குச் சிக்னல் கொடுத்தோம். ஃபேனுக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, ரிலே காண்டாக்டில் போகிறது. ஃப்யூஸ் இல்லாமல் ஒயர் ஷார்ட் ஆனால் வண்டியே தீப்பிடிக்கும். டைமர் விடாவிட்டால் காலையில் பேட்டரி காலி. இதை நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு பழைய காரின் ஒயரிங்கை முழுக்கப் பிரித்து, சர்க்யூட் வரைந்த பிறகுதான். நாயுடு காட்டிய வழி அதுதானே!

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்க அவரே காரணம். படிப்புக் காலத்தைக் குறைத்து, கைவேலையைக் கூட்டலாம் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, பொறுப்பை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

சான்றிதழ் நமக்கு வேலை வாசலைக் காட்டும். ஆனால், நாம் பூட்டிய ஒயரை நம்பி ஒரு குடும்பம் காரில் ஏறப்போகிறது. காயில் எது, காண்டாக்ட் எது என்று தெரியாமல் ஒயரை வெட்டுவது கம்பவுண்டர் ஆபரேஷன் செய்வது மாதிரி. முதலில் பிரித்துப் பார்ப்போம், புரிந்துகொண்டு பூட்டுவோம்!