ஏடு காத்த நூல் நிலையம்

1892-ல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த வால்ட்டர் பெஞ்சமின், ஜெர்மன் மொழியின் தலைசிறந்த விமர்சகர்களில் ஒருவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சி பீடமேறியதும் தாய்நாட்டைத் துறந்து பாரிஸில் தஞ்சம் புகுந்தார். அங்கே தேசீய நூல் நிலையத்தில் அமர்ந்து, சென்ற நூற்றாண்டுகளில் அந்நகரில் எழுந்த கூரையிட்ட கடைவீதிகளைப் பற்றிய பெருநூலுக்குக் குறிப்புகள் சேகரித்து வந்தார்.

1940-ல் ஜெர்மானிய சேனை நெருங்கவே, அக்குறிப்புகளை அந்நிலைய உத்தியோகஸ்தரான ஜார்ஜ் பத்தாயிடம் ஒப்படைத்து வெளியேறினார். பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினின் எல்லையூரான போர்ட்போவை அடைந்தவரைத் திருப்பியனுப்ப அதிகாரிகள் முற்பட்டனர். செப்டம்பர் 26-ந் தேதி, மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் கையோடு சுமந்துசென்ற ஏடுகள் மறைந்தன. நூல் நிலையத்தில் ஒளித்துவைக்கப்பட்டவையோ பிழைத்து, 1982-ல் நூலாக வெளிவந்தன. எண்ணங்களுக்கு அழிவில்லை என்பர். ஆயினும் அவற்றுக்கும் காவலர் வேண்டும். சுதந்திரத்தைப் போற்றுவோர் நூல் நிலையத்தையும் ஒரு கோட்டையாகவே கருதக் கடவர்.