உதயசங்கரும் மாதாதீனும்

சயானில் மின்சார ரயிலேறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால், சாலைக்கு எதிர்ப்புறம் ஜே. ஜே. கலைப் பள்ளி நிற்கின்றது. நம்மவர் பலர் வேலைக்குச் செல்லும் விரைவில் அதனை நிமிர்ந்தும் பாராமற் கடந்திருப்பர். 1918ஆம் ஆண்டில் அங்கே ஓவியம் பயில வந்த இளைஞர் ஒருவரே பின்னாளில் இந்திய நடனத்தை உலகறியச் செய்த உதயசங்கர்.

அவர் 1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் உதயபுரியில் வங்காளப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சியாமசங்கர் வடமொழிப் புலமையும் சட்டக் கல்வியும் உடையவர். உதயசங்கரின் இளமையில் ஒரு பகுதி காசிப்பூரை அடுத்த நசரத்பூரில், தாயாரின் ஊரில் கழிந்தது. அவ்வூரில் தோற்றொழில் செய்யும் சமார் வகுப்பினரான மாதாதீன் என்பவர் இருந்தார். தீண்டலாகாதென்று ஊர் ஒதுக்கிய உடல் அவருடையது. அவ்வுடல் ஆடும்போதோ, சிறுவர் உதயசங்கர் கண்கொட்டாமற் பார்த்திருப்பாராம். பிற்காலத்தில் அரசவைகளும் அரங்குகளும் போற்றிய கலைஞருக்கு நடனத்தை முதன்முதல் உணர்த்தியவர் மாதாதீனே. தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த முன்னோரையுடைய நமக்கு இச்செய்தி சிறிதன்று. உதயசங்கரின் வரலாற்றைப் பேசுவோர் பலர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

1920இல் இலண்டன் சென்று அரச கலைக் கல்லூரியில் ரோதன்ஸ்டைன் என்னும் ஓவியரிடம் பயின்றார். 1923இல் உருசிய நடன மாது அன்னா பாவ்லோவாவுடன் இராதா-கிருஷ்ண நடனம் ஆடினார். அவ்வம்மையார் இவரைத் தம் நாட்டுக் கலையையே நாடுமாறு தூண்டினார். முறையான நடனப் பயிற்சி ஏதும் அதுவரை இவர் பெற்றதில்லை. சிற்பங்களையும் ஓவியங்களையும் நோக்கி, அவற்றின் நிலைகளைத் தம் உடலில் ஏற்றிப் பார்த்தே ஆடினார். சிற்பக் கலைஞர் ஆலிஸ் போனரின் துணையுடன் அமைத்த குழு 1931இல் பாரிசில் அரங்கேறிற்று. மரபு தவறியவர் என்று இவரைக் குறை கூறியோரும் உண்டு.

இவருடைய வாழ்வில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம் அல்மோராவாகும். இமயமலைச் சாரலிலுள்ள அவ்வூரில் இவர் நிறுவிய கலை நிலையத்திற்கு, பாலசரசுவதியின் ஆசான் கந்தப்ப பிள்ளை நம் தமிழ்நாட்டிலிருந்து சென்று பரதம் கற்பித்தார். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியும் இசைக்கு அலாவுதீன் கானும் இருந்தனர். உதயசங்கர் நடத்திய வகுப்போ வேறு வகையது. நடப்பதே அங்கே பாடம். தாம் எவ்வாறு நடக்கின்றோம், உடலின் பாரம் எங்கே நிற்கின்றது என்பதை மாணவர் கவனிக்கவேண்டும். பிறகு பிறருடைய அசைவை உற்று நோக்குதல். அதன் பின்னரே, உள்ளத்தெழும் உணர்வைத் தாமே உடலால் வெளியிடுதல். முத்திரைகளை மனப்பாடம் செய்து வந்த மாணவருக்கு இது எளிதாயிருந்திராது.

உதயசங்கர் பௌத்தரல்லர். ஆயினும் நிற்றல், நடத்தல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கிலும் உடலை அறிந்திருக்கப் பழகும் சதிபட்டான முறையை விகாரையிற் கேட்ட நமக்கு, அவ்வகுப்பு அயலாகத் தோன்றாது. வேறுபாடும் உண்டு. நம் பயிற்சி பற்றை விடுவதற்கு, அவருடையது ஆடுவதற்கு.

ஆலைத் தொழிலாளரையும் இயந்திரத்தையும் பொருளாகக் கொண்ட நாட்டியம் ஒன்றினை அவர் 1939இல் அமைத்தார். பொருள்முட்டால் அல்மோரா நிலையம் பின்னர் மூடப்பட்டது. சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உருவாக்கிய ‘கல்பனா’ 1948இல் வெளிவந்தது. புத்தர் பிரானின் 2500ஆம் ஆண்டு விழாக் காலத்தில், பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தீட்சை பெற்ற அந்நாட்களையொட்டி, பெருமானின் வரலாற்றை நிழற்கூத்தாக ஆக்கி அளித்தார்.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் உதயசங்கர் மறைந்தார். அல்மோராவில் அவருடன் ஆடிய துணைவியார் அமலா, 1965இல் கல்கத்தாவில் பள்ளியொன்று தொடங்கி, முதுமையிலும் பல்லாண்டுகள் அப்பாடத்தைக் கற்பித்து, 2020இல் நூறு வயது கடந்து காலமானார்.